ஆடி விரதமும் கல் வீட்டு மாடிப்படியும்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாகத்தான் வரும், நடுவில் மறந்தும் போகும்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். கோடை விடுமுறைக்கு இங்கிலாந்தில், கடலை ஒட்டிய மேட்டு நிலத்தில் வீடு எடுத்து ஒரு வாரம் தங்கலாம் என்றான். மரமே இல்லாத மேடாம். ஆடி மாதத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் ஊதாப்பூவாம். அதைப் பார்க்க அவனுக்கு அத்தனை ஆசை. மருமகள் படம் காட்டினாள். பழைய கல் வீடு. படுக்கையும் கழிப்பறையும் மாடியில். படி ஏணி மாதிரி இருந்தது.

நான் படியேறி ஒரு வருடம் ஆகிறது, முட்டி வலி. இங்கே என் அறை கீழேயே இருப்பதால் யாருக்கும் தெரியாது. சொன்னால் டாக்டர், ஸ்கேன் என்று அலைவார்கள், பயணமும் கெடும். ஆகவே ஆடி வெள்ளிக்கு விரதம், வீட்டை விட்டு வரக் கூடாது, நீங்கள் போய் வாருங்கள், பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பம் என்னைப் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

மருமகள் சமையலறைக் காலண்டரைப் புரட்டினாள். "அவ்வளவுதானே அத்தை, ஆனியிலயே போயிட்டு வந்துடலாம்."

அப்போது பூ இருக்காதே என்றான் மகன். அத்தை இல்லாமல் பூ என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவள் அடக்கிவிட்டாள்.

பிறகு லேப்டாப்பை டீப்பாய் மேல் வைத்து அந்தக் கல் வீட்டுக்கார அம்மாளுடன் வீடியோவில் பேசினாள். நானும் சோபாவில் இருந்தேன். படி செங்குத்தாம், உங்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள் என்றாள். தலையாட்டினேன். அந்த அம்மாள் என்னையே பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மருமகள் திரும்பி என் மடியைப் பார்த்தாள்.

பேசி முடித்ததும் சொன்னாள்: "தலையாட்டறப்பவே உங்க கை முட்டியத் தடவுச்சாம். அவங்களுக்கும் இதே வலியாம். ஒரே வீட்ல இருந்துட்டு நான் பாக்கல." லேப்டாப்பை மூடிக்கொண்டே, "அப்போ விரதமும் முட்டிக்குத்தானா அத்தை?"

தரையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றேன். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றியதைவிட, என்னை விட்டுப் போக மனமில்லாதவளை ஏமாற்றியதுதான் கூசியது.

தேதியை மறுபடி ஆடிக்கே மாற்றிவிட்டாள். அந்த அம்மாளிடமே, மாட்டுக்கொட்டகையை மாற்றிக் கட்டிய, மாடியில்லாத வீடு ஒன்று இருக்கிறதாம், இப்போது அதைத்தான் எடுத்திருக்கிறாள். கழிப்பறைக்குப் போக அதிலும் ஒரு படியோ இரண்டு படியோ உண்டு என்றாளா, இல்லை என்றாளா, நினைவில் நிற்கவில்லை. இன்னொரு முறை கேட்க வாய் வரவில்லை. இந்த எழுத்தில் பிழை திருத்துகிறவர்கள் என் மருமகளிடம் ஒரு வார்த்தை விசாரித்து, சரி பார்த்துவிடுங்கள்.