பளபளா முறுக்கிய கம்பி

அந்தக் கட்டடத்துக்குச் சட்டைக்கு மேல் சட்டை. உள்ளே ஒரு கண்ணாடிச் சுவர், வெளியே இன்னொன்று, நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. வெயிலில் சந்துக்குள் சூடாகும் காற்று மேலே ஏறி, உச்சியில் இருக்கும் பன்னிரண்டு தகட்டுக் கதவுகள் வழியாக ஓடிவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெக்கையே தெரியாது. அந்தச் சந்துதான் பதினோரு வருடமாகப் பளபளாவின் ராஜ்யம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. துடைத்த கண்ணாடியில் ஒரு கோடு தெரிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. தன் கல்யாணத்தன்று போட்டோக்காரரின் கேமராவைப் பிடுங்கி லென்ஸைத் துடைத்துக் கொடுத்த மகராசி அவள். அந்தப் போட்டோவில் மாப்பிள்ளை அரண்டுபோய்த்தான் நிற்கிறார்.

இந்தக் கோடையில் கட்டடம் கொதித்தது. பத்தாம் மாடியில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபைலால் விசிறிக்கொண்டே வேலை பார்த்தார்கள். ஒருநாள் மத்தியானம் பளபளா கீழே சாப்பிட உட்கார்ந்தபோது, அதே கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அவள் புருஷன் ஓடிவந்தான்.

“கேட்டியா? வெளிக் கண்ணாடிய மொத்தமா கழட்டப் போறாங்களாம். மேல மீட்டிங் நடக்குது.”

“அப்புறம் நான் எதைத் தொடைக்கிறது?”

“ஒத்தக் கண்ணாடிதான் இருக்கும். கயித்துல தொங்குற ஆளுங்க வந்து தொடைப்பாங்க. உன் வேலை போச்சு. டிசைனே தப்பாம். மேல கதவெல்லாம் தெறந்துதான் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, ஆனா காத்து போகலையே!”

பளபளாவுக்கு வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? திற என்று சொல்லிவிட்டால் திறந்துவிட்டதாகவே நம்பிவிடும். குளிர்காலத்தில், கீழிருந்து ஏறும் காற்று ஈரக் கண்ணாடியில் தூசியை அப்புகிறதே என்ற எரிச்சலில் அந்தப் பன்னிரண்டு கதவுகளையும் கம்பியால் முறுக்கிக் கட்டியது சாட்சாத் அவளேதான். நாலே நாள் என்று நினைத்துக் கட்டினாள். கண்ணாடி ஜொலித்த ஜொலிப்பில் அவிழ்க்க மறந்தே போனாள்.

“குறடு இருக்கா?”

“எதுக்கு?”

“குடுய்யா!”

மீட்டிங் அறைக்கு வெளியே, சந்துக்குள், காலையில் அவள் விட்டுப்போன வாளி நுரை தளும்ப நின்றது. அதைத் தாண்டி இரும்பு ஏணியில் ஏறினாள். முதலாளியம்மா, மேனேஜர், கட்டடத்தை வரைந்த இன்ஜினீயர் என எல்லோரும் கண்ணாடி வழியாக இரண்டு கால்கள் மேலே போவதைப் பார்த்தார்கள்.

முதல் கம்பி அறுந்ததும் கதவு படாரென்று திறந்தது. இரண்டு, மூன்று. ஏழாவதில் சந்து முழுக்க ‘ஹூ’வென்று மூச்சு விட்டது. தலையில் கட்டியிருந்த துணி பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போயிற்று. வாளி நுரை கொத்துக் கொத்தாக எழும்பி அவள் மூக்கில் ஒன்று, காதில் ஒன்று ஒட்டிவிட்டு மேலே பறந்தது. அடிவயிறு கூச, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பளபளா கெக்கெக்கே என்று சிரித்தாள். பன்னிரண்டையும் முடித்துத்தான் இறங்கி மீட்டிங் அறைக்குள் வந்தாள்.

“டிசைன் தப்பில்ல! பாருங்க, தப்பே இல்ல!” என்று இன்ஜினீயர் மேனேஜரைக் கட்டிக்கொண்டு குதித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“கதவு கட்டிக் கெடந்தத நீதான் கண்டுபிடிச்சியாம்மா?” என்றார் முதலாளியம்மா.

தலையாட்டிவிட்டு நழுவியிருக்கலாம். கையில் பன்னிரண்டு கம்பிகள் கனத்தன.

“கட்டினதும் நான்தாம்மா.”

கைதட்டல் நின்றது. வாசலில் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஏன்?”

“கண்ணாடியில கோடு விழுந்துச்சும்மா.”

முதலாளியம்மாவுக்கு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே கோடு விழுந்தா?” என்றார்.

இதற்குப் பதில் சொல்லும் முன் பளபளா கண்ணாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“விழட்டும்மா.”

“அப்ப சரி. வெளிக் கண்ணாடியும் இருக்கட்டும், நீயும் இரு. போய் வேலையப் பாரு.”

சந்துக்குள் போனாள். பறந்த நுரை கண்ணாடி முழுக்க வழிந்து, கோடு கோடாகக் காய்ந்திருந்தது. கை பரபரத்தது. அந்தப் பக்கம் பத்தாம் மாடிக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பளபளா துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிடக் கீழே இறங்கினாள்.