விமானத்தின் பின்சீட்டு

அந்தப் பின்சீட்டை நான் செய்து கொடுத்திருக்கலாமா, கூடாதா? செய்துகொண்டிருந்தபோதும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

என் கணவருக்கு விமான மாடல்கள் கட்டுவதில் ஆசை. நான் பொம்மை என்று சொன்னால் முகம் சுருங்கும். நிஜ விமானத்தை அப்படியே சுருக்கி, சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். நறுக்கி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிப்பது நம் வேலை. வத்தலகுண்டில் அவருக்கு அலுவலகம். திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து அவர் உட்கார, எங்கள் மகள் எதிர் நாற்காலியில் முட்டி போட்டு நிற்பாள். அவளுக்கு ஐந்து வயது.

கடைசியாக எடுத்தது ஒரு சண்டை விமானம். விமானி உட்காரும் காக்பிட்டில் ஒரே சீட்டு. அதைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் எங்க உக்கார?" என்று கேட்டாள். இதே விமானத்தில் பயிற்சிக்கென்று இரண்டு சீட்டு வைத்தது உண்டாம். காக்பிட்டைப் பின்பக்கம் நீட்டி அப்படி மாற்றிவிடலாம் என்றார். "முன்னால அப்பா, பின்னால பாப்பா. சரியா?" முன்சீட்டுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் பாதி வரை அறுத்து வைத்தார்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் கேட்டைச் சாத்திக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அலுவலகத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் வெளியே கிளம்புகிறவர்கள் "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். வாய் தவறிச் சொன்னாலும் திருத்துவார்கள். "போயிட்டு வாரேன்", அவசரமென்றால் வெறும் "வாரேன்". சாவு வீட்டில் மட்டும் அதையும் சொல்லாமல் எழுந்து போக வேண்டும். அன்று எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் அப்படித்தான் போனார்கள். சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் என்று மகளைக் கல்லறைக்கு அழைத்துப்போகவில்லை. வாசலில் நின்று போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏம்மா யாருமே வாரேன்னு சொல்லல?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்பா மேல போயிட்டாங்க கண்ணு" என்றார். அவள் அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். மேலே போவதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

சில மாதம் அந்தப் பெட்டி பீரோவுக்கு மேலேயே கிடந்தது. சின்னாளப்பட்டியில் இருக்கும் நாத்தனார் ஞாயிறுதோறும் வருவார். என் கணவருக்கு அக்கா; நான் மதினி என்று கூப்பிடுவேன். "பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. யாருக்காச்சும் குடுத்துரு பிள்ள" என்று அவர் ஒரு நாள் பெட்டியை இறக்கினார். மகள் ஓடிவந்து பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"என் சீட்டு இன்னும் வைக்கல."

அதனால்தான் ஆரம்பித்தேன். போனில் வீடியோக்கள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் விட்ட இடத்திலிருந்து அறுத்தேன். பிளேடு போகப் போக அவருடைய பென்சில் கோடு தூளாகி உதிர்ந்தது. பேப்பரை உதறாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டிப் பின்பக்கத்துக்குத் தரை போட்டேன். முன்சீட்டைப் பார்த்துப் பார்த்து அதே மூடியில் இன்னொரு சீட்டு செய்து, நகம் தேய்க்கும் அரத்தால் ஓரங்களை மழுக்கினேன். முதலில் செய்தது பெரிதாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன்.

உள்ளே அடிக்க வேண்டிய பச்சை பெயிண்ட் பாட்டிலில் இறுகிப்போயிருந்தது. தின்னர் விட்டுக் கலக்கும்போது மதினி எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ள, மல்லிச் சட்னியா?"

"இட்லி இருந்தா எடுத்துட்டு வாங்க மதினி."

பச்சை காய்ந்ததும், கறுப்பைத் தண்ணீர் மாதிரி கரைத்து மூலைகளில் ஓடவிட்டேன். நிழல் விழுந்தது போல ஆனது. பிறகு தூரிகையில் வெள்ளி நிறம் தொட்டு, பேப்பரில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதை மட்டும் விளிம்புகளில் தடவினேன். பல பேர் ஏறி இறங்கித் தேய்ந்த இடம் போலத் தெரிந்தது. மீட்டர்களின் முள்ளைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் வைத்தேன். மாத்திரை அட்டையின் பின்பக்க வெள்ளித்தாளை மெல்லிசாக நறுக்கினால் சீட் பெல்ட்.

"அப்பாவுக்கு லூசா வைம்மா. தொந்தி இடிக்கும்" என்றாள் மகள்.

"யாருக்குடி தொந்தி, என் தம்பிக்கா?" என்றார் மதினி. "உங்கம்மா ஆக்குன வெஞ்சனத்துல தொந்தி வேற விழுதாக்கும்." சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

"எனக்கு டைட்டா வை. விழுந்துருவேன்."

இறுக்கமாக வைத்தேன். அந்த ஞாயிறுகளில் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆகவே நல்லதுதான் செய்கிறேன் என்று நம்பினேன்.

பெயிண்ட் எல்லாம் முடிந்த வாரம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மிஸ் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். "அப்பாகிட்ட மேல போகப்போறேன், அம்மா சீட்டு ரெடி பண்ணிட்டாங்கன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்றா. வீட்ல அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

அப்போது நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "போயிட்டு வாரேன்னு சொன்னாளா மிஸ், போறேன்னு சொன்னாளா?"

அவர் வெளியூர்க்காரர். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "அப்பாகிட்ட போனா திரும்ப எப்ப வருவ?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தாள். "அப்பா வரும்போது வருவேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அப்பா இனி வர மாட்டாங்க. அங்கே போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லை. விமானத்தில் போகிற இடம் இல்லை அது.

"வாரேன்னு சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க."

"அப்பா பொய் சொல்வாங்களா?"

சொல்வார் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, சொல்ல மாட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. இறந்துவிட்டார் என்ற சொல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. சாப்பிட வா என்றேன்.

விஷயம் தெரிந்ததும் மதினி போனில் கத்தினார். "அந்தப் பின்சீட்டைப் பிடுங்கிப் போடு. நாலு நாள் அழுவா, அப்புறம் மறந்துருவா." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பசை இறுகப் பிடித்திருந்தது. நெம்பினால் தரையும் சேர்ந்து பெயரும், அவர் அறுத்த இடமும் உடையும். அதைவிட இன்னொரு பயம் வந்தது. சாயந்திரம் வந்து வெறும் ஓட்டையைப் பார்த்தால், என்னை விட்டுட்டு அப்பா மட்டும் போயிட்டாங்க என்று அல்லவா நினைப்பாள்? பிளேடைப் பேப்பரில் சுற்றி வைத்தேன்.

இப்போது மிச்சம் இருப்பது காக்பிட்டின் மேல் மூடி. ஸ்வீட் பாக்ஸின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி வளைத்து, இரண்டு சீட்டுக்கும் சேர்த்து நீளமாகச் செய்துவிட்டேன். ஒட்டவில்லை. ஒட்டினால் கிளம்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. தினமும் பை வைத்த கையோடு கேட்கிறாள். பசை காயவில்லை என்கிறேன். மதுரையில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி மிஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் போகிறோம். ஆனால் அதற்கு முன்னால் இன்றைய சாயந்திரம் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சிறுவயதில் அப்பாவை இழந்தவர்களும் இருப்பீர்கள். இறந்துவிட்டார் என்பதை எந்தச் சொல்லால் சொன்னீர்கள், அல்லது உங்களுக்கு எப்படிச் சொன்னார்கள்? சொன்னவரை அதற்குப் பிறகும் நம்பினீர்களா? அந்தச் சீட்டை நான் எடுத்துவிடலாமா, இல்லை, அவள் தானாக வேண்டாம் என்று சொல்கிறவரை மூடியை ஒட்டாமல் காத்திருக்கலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.