சிம்மில் இருந்த மேஸ்திரி நம்பர்

நாகூரில் வேலை முடிந்து தெற்கே நடந்துகொண்டிருந்தேன். கால் ஓய்ந்துவிட்டது. என் பழைய பட்டன் போனுக்கு நானே போட்ட பூட்டு எண்ணும் மறந்துவிட்டது. வேலை தருகிற தேங்காய் மேஸ்திரியின் நம்பர் அதற்குள்தான் இருந்தது. போனை அணைத்து, சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தி உயிர்ப்பித்தால் திறக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், டீக்கடையில் உட்கார்ந்து அழுத்தப் போனேன்.

"இருங்கண்ணே! உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும். அப்படித்தான் வெளிநாட்டுல இருக்கிற எங்க வீட்டுக்காரர் நம்பரைத் தொலைச்சேன். திட்டறதுக்குக்கூட ஆள் கிடைக்கல!" என்றார் கடைக்காரப் பெண். என் சிம்மைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். நல்லவேளை, நம்பர் அதில் இருந்தது. அவர் போனிலேயே மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"எங்கய்யா போயிட்ட? காலையில பட்டுக்கோட்டைக்கு வந்துரு," என்றார் மேஸ்திரி.

அதன் பிறகே பட்டன்களை அழுத்தினேன். போன் காலியாகத் திறந்தது. மறுநாள் காலை தேங்காய் உரிக்கச் சேர்ந்தேன். மறுநாள் காலை தேங்காய் உரிக்கச் சேர்ந்தேன்.