‘சீரியஸ்’ என்று சொன்னேன்

பாளையங்கோட்டையில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது கடைக்கென்று ஒரே ஒரு இமெயில் முகவரி. வளைகுடாவில் இருக்கிறவர்கள் அதற்கு எழுதுவார்கள். நான் பிரிண்ட் எடுத்து வீட்டாரிடம் கொடுப்பேன்.

ஜெசிந்தா டீச்சர் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுத்தவர், மணப்பாட்டுக்காரர்; அம்மா ஊரில்தான் இருந்தார். தம்பி ராயப்பனுக்கு வளைகுடாத் துறைமுகத்தில் கிரேன் வேலை. அவன் மெயிலுக்காக வந்த டீச்சர் பழைய கிரேக்கத் துன்ப நாடகங்களில் மாட்டிக்கொண்டார். யாரோ புண்ணியவான்கள் அவற்றை டைப் செய்து நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். லைன் கிடைக்கும்போது இறக்கி ஃபிளாப்பியில் வைப்பேன். சாயங்காலம் உட்கார்ந்து வாசிப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார். “காசு வாங்காமலே அழ வைக்கானுவளே டீச்சர்” என்று கிண்டல் பண்ணுவேன்.

ஒரு நாள் காலையில் ராயப்பனின் கூட்டாளியிடமிருந்து மெயில். ராயப்பன் கிரேனிலிருந்து விழுந்து இறந்துவிட்டான். உடலை ஊருக்கு அனுப்பவா, இங்கேயே அடக்கம் செய்யவா, நாளைக்குள் பதில் வேண்டும்.

நம் பக்கம் சாவை யார் நேரே சொல்லுகிறோம்? தாளை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். டீச்சர் வந்ததும், “தம்பிக்கு ரொம்ப சீரியஸாம் டீச்சர். அம்மாகிட்டப் போங்க” என்றேன். ஊருக்கும் தகவல் போயிருக்கும், அங்கே யாராவது பைய சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். பதில் கேட்டிருந்தது என் மண்டையில் ஏறவே இல்லை.

வேறு யாருக்கும் தகவல் போகவில்லை. தாயும் மகளும் மூன்று நாள் மாதா கோயிலில் முழங்காலில் நின்று, அவன் பிழைக்க வேண்டும் என்று மன்றாடியிருக்கிறார்கள். பதில் வராததால் அதற்குள் அங்கேயே அடக்கம் முடிந்துவிட்டது; கூட்டாளி வீட்டுக்கு எழுதிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து டீச்சர் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு நாடகத்தைத் திறந்து, “இங்கன வாங்க அண்ணாச்சி” என்றார்.

“இதுல சாவ மேடையில காட்டமாட்டாங்க. ஒருத்தன் வந்து சொல்லுவான். அவனுக்கும் பயம்தான். ஆனாலும் சொல்லிருவான். அப்பொறம்தான் வீட்டுக்காரங்க ஆகவேண்டியதப் பாப்பாங்க.” மானிட்டரை அணைத்தார். “எங்கம்மைக்கு அவன் மொகத்தப் பாக்கக் கிடைக்கலயே அண்ணாச்சி.”

பூட்டைத் திறந்து தாளைக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பிறகு கடைக்கு வரவே இல்லை. அந்தப் பாவம் என்னோடுதான் இருக்கிறது.

அதன்பின் அப்படி மெயில் வந்தபோதெல்லாம் ஆளை உட்காரச் சொல்லி, ‘இறந்துட்டார்’ என்றே சொன்னேன். பேட்டைக்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார். வாங்கிக்கொண்டேன். அவர் அழுது முடித்ததும், “உடம்ப அனுப்பச் சொல்லட்டுமா?” என்று கேட்டு, பதிலை அன்றைக்கே அனுப்பினேன்.