ஐந்தாம் வகுப்புக்குப் பத்துப் பெண்கள்

தென்னூரில் பெண்பிள்ளைகளுக்கு முனிசிபல் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. நான் அதில் ஆயா. காகிதத்தில் என் வேலைக்குக் கண்டக்ட்ரஸ் என்று பெயர். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும். சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். பெண்பிள்ளையைத் தனியாகத் தெருவில் அனுப்ப மாட்டார்கள். ஆயா வந்து கூப்பிட்டால் அனுப்புவார்கள். அப்போது யுத்தம் வந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துச் செய்தியும் என் வாய் வழியாகத்தான் போகும். சீட்டு எழுதிக் கொடுத்தால் பகலில் வீட்டில் படிக்க ஆள் இருக்காது. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். நான் ஒருமுறை திருப்பிச் சொல்வேன். சரி என்றால் கிளம்புவேன். நாளைக்கு லீவு. வெள்ளிக்கிழமை அம்மை குத்த வருகிறார்கள். ஸ்லேட் இல்லாத பிள்ளைக்கு முனிசிபாலிட்டி ஸ்லேட் கொடுக்கிறது. வாந்திபேதி பரவுகிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். இப்படி.

பாதிப் பேர் கேட்பார்கள். பாதிப் பேர் அடுப்படியில் இருந்தபடி சரி சரி என்பார்கள்.

பெரிய டீச்சர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கையில் பித்தளைக் கூஜாவில் தண்ணீர் இருக்கும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போனார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. நானும் என் மகளும் நாத்தனார் வீட்டில் இருந்தோம். நாத்தனார் உறையூர் சுருட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலேயே புகையிலை நரம்பு உரித்துக் கொடுப்பார். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். எங்களுக்குச் சோறு போட்டவர் அவர். குறை சொல்ல மாட்டேன்.

மகள் நாலாம் வகுப்பு படித்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலு வரைதான். ஐந்து படிக்கக் கோட்டைப் பக்கம் போக வேண்டும். நாத்தனார் ஒரு நாள் இலையை உரித்துக்கொண்டே சொன்னார்.

"நாலாப்போட நிறுத்திக்க. கோட்டைக்கு யாரு கொண்டுபோய் விடுவா, நீயா? நீ ஊரு புள்ளைங்கள இழுத்துக்கிட்டுத் திரியுறவ. அவளுக்கு விரல் நல்லா நீளமா இருக்கு. எங்கிட்ட உக்காரட்டும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கார்த்திகை மாதம் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார். நாலாம் வகுப்பில் பத்துப் பெண்கள் ஒழுங்காக வருவதைக் கண்ணால் பார்த்தால் ஐந்தாம் வகுப்பு திறக்க எழுதுவார். பத்துக்குக் குறைந்தால் எழுத மாட்டார். நாலாம் வகுப்பில் மொத்தம் பதினொரு பேர்.

வீடுகளில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வியாழக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் பத்து மணிக்குள் வர வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் நின்றுவிடக் கூடாது. நான் திருப்பிச் சொன்னேன். சரி என்றார்.

முதல் வீட்டில் அப்படியே சொன்னேன். இரண்டாவது வெங்காய மண்டிக்காரர் வீடு. அந்த அம்மா வெளியே வந்து, இன்ஸ்பெக்டர் என்ன பார்ப்பாங்க என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் பார்ப்பாங்க, தலை, நகம், துணிமணி எல்லாம் என்றேன். மூன்றாவது வீட்டில், நல்லதாக் கட்டி அனுப்புங்க என்றேன். நாலாவது வீட்டில், பட்டு இருந்தால் பட்டு என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். மற்ற நாளில் நான் சொல்வதை யாரும் நின்று கேட்க மாட்டார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அது நன்றாக இருந்தது. இன்னொன்று, என் மகளுக்கு ஒரு பட்டுப் பாவாடை இருந்தது. என் கல்யாணப் புடவையில் வெட்டித் தைத்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு நிற்பது என் கண்ணுக்குள் இருந்தது.

தெருக் கடைசிக்கு நான் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. கடைசி வீட்டம்மா என்னைக் கேட்டார், வர்றவங்க பட்டுப் பாவாடைக்குப் பரிசு கொடுக்கிறாங்களாமே என்று. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மகளுக்குத் தலை பின்னி, பட்டுப் பாவாடை கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். மண்டிக்காரர் பெண் ஜரிகை மின்ன வந்தாள். அடுத்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். அதற்கு அடுத்த வீட்டில் பெண் லால்குடிக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். ரயில்வே கலாசி வீட்டில் அக்கா தங்கை இருவர், ஒரே வகுப்பு. இரண்டு பேருக்கும் வயிற்றுவலி. இன்னொரு வீட்டிலும் காய்ச்சல். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் பல வீட்டில் வரவில்லை.

ஜட்கா வண்டிக்காரர் மனைவி மட்டும் சாக்குச் சொல்லவில்லை. வாசலில் நின்று நேராகச் சொன்னார்.

"எம் பொண்ணுக்கு இருக்கிறது ஒரே பாவாடை, ஆயாம்மா. அதுவும் ஒட்டுப் போட்டது. பட்டுக்காரிங்க நடுவுல நிறுத்திக் காட்டறதுக்கா அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பறேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காய்ச்சல், லால்குடி, வயிற்றுவலி எல்லாமே புரிந்தது. மாதா கோயிலில் ஒன்பது மணி அடித்தது. நாலாம் வகுப்பில் என் பின்னால் இருந்தது ஐந்து பேர், என் மகளோடு சேர்த்து.

பள்ளிக்கூடம் போய்ப் பெரிய டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. மறைத்தாலும் பலகையில் காலி இடம் தெரிந்துவிடும்.

"நான் சொன்னது ரெண்டு விஷயம். மூணாவது எங்கேர்ந்து வந்தது?"

"நாந்தாங்க சேத்தேன்."

அவர் கூஜாவைக் கீழே வைத்தார்.

"முதல்ல சின்னக் கிளாஸெல்லாம் பார்க்கச் சொல்றேன். நாலாங்கிளாஸுக்கு வரப் பதினொண்ணு ஆகும். நீ சேர்த்ததை நீயே போய் எடுத்துண்டு வா."

திட்டியிருந்தால் தேவலை.

வாசலுக்கு வந்தேன். வெறும் வாயால் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நேற்றுச் சொன்னதும் இதே வாய்தான். திரும்பிப் போய் மகளைக் கூப்பிட்டேன். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழைய பாவாடையை எடுத்துக் கொடுத்தேன். முழங்கால் பக்கம் ஒட்டு இருக்கும். வேறு கலர்.

"ஏம்மா?"

"மாத்து."

நாத்தனார் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இலையை எடுத்தார். மகள் மாற்றினாள். அழவில்லை. தெருவில் வரும்போது ஒட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டே நடந்தாள். கையை எடு என்றேன். எடுத்தாள்.

முதலில் காய்ச்சல் வீடு. அந்தப் பெண்ணின் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அம்மாதான் வந்தார். இன்ஸ்பெக்டர் துணி பார்க்க வரவில்லை, என்ன இருக்கிறதோ அதில் அனுப்புங்கள் என்றேன்.

"நேத்து ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. எதை நம்புறது?"

"நேத்து சொன்னது நானாச் சேத்தது. தப்பு என்னோடது. இதோ, எம் பொண்ணும் இதுலதான் நிக்கப்போறா."

அவர் என் மகளின் பாவாடையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் அதை நன்றாகப் பார்த்தேன். மகள் என்னைத் தாண்டி வாசல்படியில் ஏறினாள். உள்ளே பார்த்துப் பேசினாள்.

"வாடி. பத்துப் பேர் இல்லன்னா அஞ்சாப்பு கிடையாதாம். நீ வரலன்னா நானும் நாளைலேருந்து புகையிலை உரிக்கப் போகணும்."

உள்ளேயிருந்து பிள்ளை வந்தது. காய்ச்சல்காரி வாயில் முறுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை. பேசியது மகள்தான். லால்குடிக்குப் போயிருந்த பெண் கொல்லையிலிருந்து வந்தாள். கலாசி வீட்டு அக்கா தங்கை வந்தார்கள். தங்கைக்காரி வழியெல்லாம், வயித்துவலின்னு சொன்னது அக்காதான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாவது காய்ச்சல் வீட்டில் அம்மா என் கையைப் பிடித்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார். சுட்டது. நிஜக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மிச்சம் வண்டிக்காரர் வீடு. அந்த அம்மா வாசலுக்கு வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். என் மகளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்சம் நின்றோம். கதவு திறக்கவில்லை. நேரம் இல்லை, கிளம்பிவிட்டோம்.

ஒன்பது பேர்.

இன்ஸ்பெக்டர் அம்மா நாலாம் வகுப்புக்கு வந்தார். சாதாரண நூல் புடவை. கையில் குடை. காதில் சின்னதாக ஒரு தோடு. அவரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பட்டுப் பாவாடையும் ஒட்டுப் பாவாடையும் கலந்து உட்கார்ந்திருந்தன. அவர் துணியைப் பார்த்த மாதிரியே இல்லை. ரெஜிஸ்டரைப் பார்த்தார். தலைகளை எண்ணினார்.

"பதினோரு பேர் எழுதியிருக்கு. ஒன்பது பேர்தானே இருக்காங்க?"

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெரிய டீச்சர் சொன்னார். இன்னொன்று எங்கே என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். பெரிய டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நான் வாசலில் இருந்து பேசிவிட்டேன். ஆயா பேசுகிற இடம் இல்லை அது.

"அந்தப் பொண்ணு தினம் வர்ற பொண்ணுங்க. நல்ல துணி கட்டி வரணும்னு நான் தப்பாச் சொல்லிட்டேன். அதான் நின்னுடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தவர் திறந்தபடியே வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொன்னார். பிறகு படிக்கச் சொன்னார். என் மகள் முறை வந்தபோது எழுந்து நின்று படித்தாள். ஒட்டின் மேல் கை போகவில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அப்போது பின்னால் காலடிச் சத்தம். வண்டிக்காரர் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. பிள்ளையின் பாவாடை ஈரம். ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"ஒட்டுப் போட்டிருந்தா இருக்கட்டும். அழுக்கா அனுப்ப மாட்டேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "துவைச்சேன். பிழிஞ்சு பாத்தேன், காயல. அதான் நேரமாச்சு."

இன்ஸ்பெக்டர் அம்மா அந்தப் பெண்ணைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரு வகுத்தல் கணக்குக் கொடுத்தார். போட்டாள். நடுவில் ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். சரியாக வந்தது.

"நீ ஜன்னல் கிட்ட வெயில்ல போய் உக்காரும்மா" என்றார். பிறகு ரெஜிஸ்டரில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு எட்டவில்லை. பெரிய டீச்சரைப் பார்த்தேன். அவர் கூஜாவை எடுத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புக்கு எழுதிவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

வேலை போகும் என்று எண்ணியிருந்தேன். போகவில்லை. சாயங்காலம் பெரிய டீச்சர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, நாளைக்கு எப்போதும் போல வா என்றார்.

உத்தரவு வர ஆறு மாதம் ஆனது. அதுவரை நாத்தனார் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஜூன் மாதம் காகிதம் வந்தது. மற்ற வீடுகளில் சொல்லிவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டில் சொன்னேன்.

"அஞ்சாப்பு தொறக்கறாங்க, அண்ணி. இங்கயே."

அவர் இலை உரிப்பதை நிறுத்தவில்லை. மகள் கதவோரம் நின்றாள்.

"அப்ப யாரும் கோட்டைக்குப் போக வேண்டாம்" என்றார். "போகட்டும். ஆனா என் பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிக்கக் கூடாது. எனக்கு எண்ணிக்கை தப்பிப்போகும்."

அவ்வளவுதான் அவர் பேசியது.

ஐந்தாம் வகுப்புக்கு அறை இல்லை. சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தோம். உடைந்த பலகை, பழைய மேப், தண்ணீர்ப் பானை எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள். வாடை போக நாலு நாள் ஆனது. காய்ச்சலில் கிடந்த பெண்ணும் வந்துவிட்டாள், பதினொரு பேர். கோட்டைப் பக்கத்திலிருந்து புது டீச்சர் ஒருவரைப் போட்டார்கள். சின்ன வயது. முதல் நாள் என்னிடம், பிள்ளைகள் சேட்டை பண்ணுமா என்று கேட்டார். பண்ணும் என்றேன்.

பெரிய டீச்சர் ஓர் அட்டையில் வகுப்பின் பெயரை எழுதிக் கொடுத்தார். கதவுக்கு மேல் ஆணி அடித்து நான் மாட்டினேன். கொஞ்சம் கோணலாக இருந்தது. சரி பண்ணலாம் என்று ஸ்டூலை இழுத்தேன். பிள்ளைகள் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வழி விட்டு நின்றேன்.