மச்சாள் உட்காராத வருஷம்

எண்பத்தேழாம் ஆண்டு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஹவுன்ஸ்லோ வீட்டுக் குசினியில் நர்ஸ் சீருடையோடு நின்றபடியே சோறு சாப்பிடும் மச்சாள்தான். தட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இடது கையால் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டே வலது கையால் இரண்டு வாய் அள்ளிப் போடுவார். இருந்து சாப்பிடச் சொன்னால் "இதோ" என்பார். அந்த "இதோ" வருஷம் முடியும்வரை வரவேயில்லை. நான் மட்டும் என்ன, லேசுப்பட்ட ஆளா? சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பேன். இந்த வீட்டுக்குக் கதிரை வாங்கினது வீண்வேலை என்று அண்ணை எங்கள் இருவரையும் நக்கலடிப்பார். அதைச் சொல்லும்போது அவரும் நின்றுகொண்டுதான் இருப்பார்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. பிஜி நாட்டுத் தமிழ்ப்பெண். அவருடைய முன்னோர் வெள்ளைக்காரனின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிவேலை செய்ய மதராஸ் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள். நர்ஸ் படிப்புக்காக லண்டன் வந்தவர், அந்நாளில் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளிக்கொண்டிருந்த அண்ணையைக் கண்டு, யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டார். எங்கள் சொந்தக்காரர்களுக்கு அது விழுங்கவும் முடியாத, துப்பவும் முடியாத விஷயம். தமிழ்ப்பெண் என்பதால் குறை சொல்ல முடியவில்லை. யாழ்ப்பாணம் இல்லை என்பதால் சும்மா இருக்கவும் முடியவில்லை. பிஜி எங்கே கிடக்கிறது என்று விசாரித்தவர்கள், ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்திலா என்றும் கேட்டார்கள். மச்சாள் சிரித்துக்கொண்டே, உலகப்படத்தில் கடைசி மூலை, கவனிக்காவிட்டால் கிழிந்துபோகிற இடம் என்பார்.

அந்த மூலைக்குத்தான் நாங்கள் எல்லோரும் போவதாக இருந்தோம். அம்மா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். அம்மாவுக்கு ஆஸ்துமா. லண்டன் குளிர் ஒருநாளும் ஒத்துவராது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரில் வைத்திருக்கவும் பயம், இங்கே கூப்பிடவும் பயம். அண்ணை முழிபிதுங்கி நின்றபோது வழி கண்டுபிடித்தவர் மச்சாள்தான். பிஜியில் வெயில் இருக்கிறது, முருகன் கோயில் இருக்கிறது, தமிழ் பேசச் சனம் இருக்கிறது, மாமியை அங்கே வைத்துப் பார்ப்போம் என்றார். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து, இப்போது ஹீத்ரோவில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அண்ணைக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் பேசியாயிற்று. கரும்புக் காணியில் இருந்த வீட்டோடு மச்சாளின் தகப்பனார் அம்மாவுக்கென்று ஓர் அறை கட்டத் தொடங்கினார். எங்கள் வீட்டு நடையில் கப்பலுக்கு அனுப்ப வேண்டிய மரப்பெட்டிகள் நிறைந்தன. அம்மாவோ, தான் பிஜிக்குப் போகப்போவதாக ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

மே மாதம் வந்தது. முகமூடி போட்ட சிப்பாய்கள் பிஜிப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து, புதிதாகத் தெரிவான அரசாங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அரசாங்கத்தில் இந்தியர்கள் அதிகம் என்பதுதான் கோபம். நான் பதறிப்போனேன். மச்சாள் பதறவில்லை. பிஜிக்குத் தலைவி இங்கிலாந்து மகாராணி, அவர் பேரில் சத்தியம் செய்துதான் அங்கே எல்லோரும் பதவி ஏற்கிறார்கள், அவர் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார் என்பது அவருடைய நம்பிக்கை.

"நீங்க வேணும்னா சிரிங்க. அவங்க விடமாட்டாங்க" என்றார்.

அண்ணை சிரிக்கத்தான் செய்தார். ஒரு காலத்தில் எங்களுக்கும் அவதான் ராணி, நாங்கள் என்ன கண்டோம் என்று கேட்டார். ஆனால் அண்ணையிடமும் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் சண்டை மூண்டபோது, இந்தியா வரும், வந்தே தீரும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜூனில் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே சாப்பாட்டுப் பொதிகளைப் போட்டன. ரேடியோவுக்கு முன்னால் நின்று அண்ணை கைதட்டினார். மேலே இருந்து பருப்புப் போட்டால் சண்டை நின்றுவிடுமா என்று மச்சாள் ஒரு போடு போட்டார். வீட்டில் இப்படியே போயிற்று. மச்சாளின் ராணியை அண்ணை நக்கலடிப்பார். அண்ணையின் இந்தியாவை மச்சாள் கிண்டல் செய்வார். நடுவில் நின்ற எனக்கு இரண்டு பேர் மேலேயும் எரிச்சல். அம்மாவின் மூச்சு யாருடைய கையில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பதவி பறிபோன பிஜிப் பிரதமர் மகாராணியைப் பார்க்கவென்று லண்டன் வந்தார். மச்சாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு, கல்யாணச் சேலையைக் கட்டி, அதற்கு மேலே சாம்பல் நிறக் கார்டிகனைப் போட்டுக்கொண்டு அரண்மனை வாசலுக்குப் புறப்பட்டார். தனியே விட மனம் கேட்காமல் நானும் போனேன். வாசலில் பிஜிக்காரர் ஒரு கைப்பிடியளவு நின்றார்கள். மற்றதெல்லாம் காவல் மாறுவதைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரக் கூட்டம். மச்சாள் கம்பி வேலியோரம் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். மகாராணி பிஜிக்கு வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளையாக வெயிலில் கொடி பிடித்து நின்ற கதையை எனக்குச் சொன்னார். கார் மெதுவாகப் போனதாம், தன்னைப் பார்த்துத்தான் கை ஆட்டினாராம். ஆயிரம் பிள்ளைகள் நின்ற இடத்தில் உங்களை மட்டும் எப்படிப் பார்த்திருப்பார் என்று கேட்க வாய் உன்னியது. அதற்குள் ஜப்பான்காரர் ஒருவர் தன் கமராவை மச்சாளின் கையில் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னார். அவர் எடுத்துக்கொடுத்தார். பின்னேரம் செய்தி வந்தது: சந்திப்பு இல்லை, மகாராணிக்குப் பதிலாகச் செயலாளர்தான் பேசுவாராம். ரயிலில் இடம் இருந்தும் மச்சாள் ஹவுன்ஸ்லோ வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகாராணிக்கு நிறைய வேலை இருக்கும், இன்னொரு நாள் கட்டாயம் பார்ப்பார் என்று இரண்டு தரம் சொன்னார்.

ஜூலைக் கடைசியில் அண்ணையின் முறை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தில் இறங்கியது. சனம் மாலை போட்டு வரவேற்றது. அண்ணை சவுத்ஹோல் போய் ஒரு பெட்டி லட்டு வாங்கிவந்து தெருவில் கண்டவர்க்கெல்லாம் நீட்டினார். அன்றைக்கே நடையில் கிடந்த மரப்பெட்டிகளைக் காட்டி, இனிப் பிஜி எதற்கு, நாங்களே யாழ்ப்பாணம் போய் அம்மாவோடு இருப்போம் என்றார். லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மச்சாளின் முகம் செத்துப்போயிற்று.

"உங்க அம்மாவுக்கு ரூம் கட்டிட்டு எங்க அப்பா அங்க காத்துக்கிட்டு இருக்காரு. அவருகிட்ட நான் என்ன சொல்றது?"

"அங்கை ஆமிக்காரன் உங்களையே கலைக்கிறான். அதுக்குள்ளை அம்மாவையும் கொண்டுபோய் விடச் சொல்றீரோ?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பல நாட்கள் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். தேத்தண்ணி வேண்டுமா என்று அவர் என்னிடம் கேட்பார், வேண்டாம் என்று இவர் என்னிடம் சொல்வார். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

செப்டம்பரில் பிஜியில் இரண்டாவது தடவையாக ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒக்டோபரில் நாட்டைக் குடியரசாக அறிவித்தார்கள். மகாராணி இனி அந்த நாட்டின் ராணி இல்லை. அதே மாதம், சில நாள் இடைவெளியில், யாழ்ப்பாணத்தில் மாலை வாங்கிய இந்திய ராணுவத்துக்கும் தமிழ்ப் போராளி இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது. காலை ஷிப்ட் முடிந்து அண்ணை வேலைச் சட்டையோடு குசினிக்குள் வந்து நின்றார். ரேடியோவில் பிஜிச் செய்தி போய்க்கொண்டிருந்தது. "உன்ர ராணி…" என்று தொடங்கினார். மச்சாள் திரும்பிப் பார்த்தார்.  பிறகு குமிழைத் திருகி, யாழ்ப்பாணச் செய்தி வருகிற இடத்துக்கு முள்ளைக் கொண்டுபோய் வைத்தார். பிஜிச் செய்தி இன்னும் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தன் நாடு போகிற நேரம் அது, அதிலும் மாமியைத்தான் முதலில் தேடினார்.

யாழ்ப்பாணத்துத் தொலைபேசி எல்லாம் செத்துக் கிடந்தது. அம்மா கோயிலில் மற்றச் சனத்தோடு தஞ்சம் புகுந்திருக்கிறார், உயிருக்கு ஒன்றுமில்லை, வீட்டுக் கூரைதான் போய்விட்டது என்று கொழும்பிலிருந்து தகவல் வருவதற்குள் நாங்கள் பாதியாகிப் போனோம். பிஜிப் பள்ளிக்கூடம் வேலையைத் தரமுடியாது என்று கையை விரித்தது. விசாவும் இல்லையென்றாயிற்று. போக்கிடம் ஏதும் மிஞ்சவில்லை. டொக்டர் வேண்டாம் என்ற லண்டனுக்கே அம்மாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த மரப்பெட்டிகளை மச்சாள் ஒவ்வொன்றாகத் திறந்து, அதற்குள் வைத்த கம்பளிகளை அம்மாவுக்கென்று எடுத்து வைத்தார்.

அம்மா வந்து இறங்கியது உறைபனிக் காலம். ஹீத்ரோவில் மச்சாள் தன் கோட்டைக் கழற்றி அம்மாவுக்கு மேலே இன்னொரு கோட்டாகப் போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டினார். அம்மா முதன்முதலில் மருமகளைக் காண்கிறார். கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, உங்கட ஊருக்கு எப்ப வெளிக்கிடுறம்?"

நானும் அண்ணையும் அம்மாவின் பெட்டியை எடுக்கக் குனிந்தோம். "போவோம் மாமி. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மச்சாள்.

அதன்பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் மச்சாளுக்கும் குளிருக்கும் சண்டை. ஜன்னல் இடுக்கெல்லாம் நாடா ஒட்டுவார், ஹீட்டரை அம்மாவின் கட்டிலடிக்கே இழுப்பார், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து வீட்டிலும் ஒரு நோயாளிக்கு ஆவி பிடித்துக் கொடுப்பார். இளவேனில் வந்ததும் அம்மா பிஜிக் கதையை எடுப்பார். அங்கே நிலைமை சரியாகட்டும் மாமி என்பார் இவர். தொண்ணூற்றேழில் பிஜி, குடியரசானபோது விட்டுப்போன, மகாராணி தலைமையிலான பொதுநலவாயத்தில் மறுபடியும் சேர்ந்தது. உன் ராணி சமாதானமாகிவிட்டார் போல என்று அண்ணை மெதுவாகச் சொன்னபோது, மச்சாள் உடனே டிக்கட் விசாரிக்க ஓடினார். அம்மா விமானம் ஏறும் நிலையில் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த குளிரில் அம்மா போய்ச் சேர்ந்தார்.

சாம்பலை எங்கே கரைப்பது என்று பெரிய வாக்குவாதம். எங்கள் ஊரவர் சாம்பல் கரைக்கிற கீரிமலை ராணுவ வலயத்துக்குள் இருந்தது. இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அண்ணை தலையாட்ட மறுத்துவிட்டார். மச்சாள் மாமிக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லிப் பிஜிக் கடல் என்றார். முன்பின் தெரியாத தேசத்துக் கடலிலா, தேம்ஸிலேயே கரைக்கலாமே என்று கிங்ஸ்பரியிலிருந்து வந்த சித்தப்பா மூக்கைச் சுளித்தார். தேம்ஸ் நதி மட்டும் உங்கள் பாட்டன் வெட்டின வாய்க்காலா என்று நான் கேட்டுவிட்டேன். சித்தப்பா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துச் சரியாகப் பேசுவதில்லை.

இப்போது மச்சாள் ஓய்வு பெற்றுவிட்டார். மத்தியானத்தில் சோபாவில் சாய்ந்து, கால் நீட்டித் தொலைக்காட்சி பார்க்கிறார். செய்தி வந்தால் மாற்றிவிடுவார். அந்த வருஷத்தைப் பற்றி எடுத்தால், அதெல்லாம் எதற்கு என்று சிரித்துக்கொண்டே பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார். எனக்குத்தான் விட முடியவில்லை.

அன்றைக்கு அம்மாவின் சாம்பலோடு பிஜியில், லவுதோகா பக்கத்துக் கடற்கரையில் நாங்கள் மூவரும் இறங்கினோம். வெயில் முதுகைச் சுட்டது. மச்சாளின் தகப்பனார், தடியை ஊன்றிக்கொண்டு கரையில் நின்றார். அவருடைய கரும்புக் காணிக் குத்தகை முடிகிறது, நிலத்துக்காரர் இனிப் புதுப்பிக்கமாட்டார்களாம். அண்ணை இடுப்பளவு தண்ணீரில் நின்று சாம்பல் முட்டியைச் சரித்தார். சாம்பல் கொஞ்ச நேரம் மேலே மிதந்துவிட்டுக் கரைந்தது. அண்ணை கரைக்குத் திரும்பிய பிறகும் மச்சாள் வரவில்லை. சேலை நனைய அங்கேயே நின்று, குனிந்து, தண்ணீருக்குள் இருக்கிற ஆளோடு பேசுவதுபோலச் சொன்னார்:

"வந்துட்டோம் மாமி. லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க."