லில்லிக்கு வெள்ளிக்கிழமை விரதம்

தனக்கு நோகிறது என்பதைக் கடைசிவரை காட்டிக்கொள்ளாத பிராணி பச்சோந்தி. அது காட்டிக்கொடுத்துவிட்ட நாளில் பதறி ஓடிவருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் தொழில்.

சுவிஸில், ஆரா நகரத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் ஊர்வனப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். உணவகக் குசினிகளில் நின்று முதுகு போனபிறகு, வேலையற்றோருக்கான அரசாங்கக் கந்தோர்தான் என்னை இங்கே பழகிப்பார்க்க அனுப்பியது. பல்லிக்கே விலகி நடக்கிறவன் நான். ஆனாலும் தங்கிவிட்டேன். இப்போது தாடியெல்லாம் நரைத்தபின், எலும்பு மெலிந்த பச்சோந்திகளைப் பற்றி ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். பிறகு வீட்டுக்குப் போகும் ரயிலில், சரியாகத்தான் சொன்னேனா, என் அரைகுறை ஜெர்மனை நம்பி அந்த மனிதர் என்ன செய்யப்போகிறாரோ என்று யோசித்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

சாப்பிடாத ஒரு பிராணியின் முன்னால் குந்தியிருந்து "வாயைத் திறவடி ராசாத்தி" என்று கெஞ்சிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அந்தத் துன்பம் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே வருகிற துண்டுகளில் முதலாவதைத் தவிர மற்றவை எல்லாம், பக்கத்து ஊரான பாடனில் இருந்து வந்த லில்லி என்ற ஒரே பச்சோந்தியைப் பற்றியவை.

வெயிலின் படம்

ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், சுவிஸ்காரர். அவருடைய பச்சோந்தியின் முன்னங்கால்கள் வளையத் தொடங்கியிருந்தன. கல்சியத் தூள் போடுகிறாரா என்றேன். தவறாமல் போடுகிறார். புறஊதா விளக்கு இருக்கிறதா என்றேன். இருக்கிறது, கடையிலேயே விலை கூடினது. போதாததற்குப் பெட்டியைப் பெரிய ஜன்னலோரம் வைத்திருக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று எனக்கே குழப்பம். கைப்பேசியில் படத்தைக் காட்டினார். விளக்குக்கும் பச்சோந்திக்கும் நடுவே, அதற்குச் சுட்டுவிடக் கூடாதென்று, ஒரு கண்ணாடித் தகடு வைத்திருந்தார்.

எலும்புக்கு வேண்டிய அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. கதிர் தோலில் படாவிட்டால் உடம்பில் விற்றமின் டி ஊறாது. அது இல்லாமல் எவ்வளவு கல்சியம் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இதைச் சொல்லி முடித்தபோது, அக்கறையால் பிழைவிட்ட மனிதரை நோகடித்துவிட்டேனோ என்று பயந்தேன். அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: "அப்படியென்றால் இவ்வளவு காலமும் நான் அவனுக்கு வெயிலின் படத்தைத்தான் காட்டியிருக்கிறேன்."

சப்பாத்துப் பெட்டி

ஒரு சனிக்கிழமை, நான் தொலைபேசியில் தமிழ் கதைப்பதைக் கேட்டுவிட்டு ஒரு பெண் நேரே என்னிடம் வந்தார். கையில், காலணி வாங்கின சப்பாத்துப் பெட்டி. பாடனில் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை, பெயர் பரமேஸ்வரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். பெட்டிக்குள், மடித்த துவாயின் மேல், ஒரு பெண் பச்சோந்தி. விரலைக் கொடுத்தேன். நல்ல பச்சோந்தி கைக்குழந்தையைப் போல இறுக்கிப் பிடிக்கும். இது பிடிக்கப் பார்த்தது, முடியவில்லை. முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. வயிற்றில் திராட்சைக் குலை மாதிரி முட்டைகள் புடைத்துத் தெரிந்தன.

"இது கடைக்காரன் பார்க்கிற வருத்தமில்லை அக்கா, டொக்டரிட்டப் போகவேணும்" என்றேன். அவர் தயங்கினார். பச்சோந்தி வளர்க்க இங்கே அனுமதி எடுக்கவேண்டும். அது மகன் நிருஜனின் பெயரில் இருந்தது. நிருஜன் படிக்க, பிரெஞ்சு பேசுகிற நொஷாட்டலுக்குப் போய்விட்டான். "டொக்டரிட்டக் காட்டினா கொண்டுபோய்விடுவாங்களோ தம்பி? என்ர அகதிக் கேசைவிட இவவின்ர கேஸ் கெதியா முடிஞ்சது. திருப்பி எடுக்கிறதும் கெதியாத்தானே எடுப்பாங்கள்." அப்படியெல்லாம் இல்லையென்று சொல்லி, ஊர்வன பார்க்கும் டொக்டரை அழைத்து நேரம் எடுத்துக் கொடுத்தேன்.

மாலையில், கல்சிய மருந்தும் ஊசியில்லாத சிரிஞ்சுமாகத் திரும்பி வந்தார். முட்டைக்காக லில்லியின் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை உறிஞ்சியிருக்கிறதாம். மருந்தோடு தானாக முட்டையிட்டால் தப்பும். இல்லையென்றால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமென்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. "மகனுக்குச் சொன்னீங்களோ?" என்றேன். சொல்லியிருந்தார். போனதிலிருந்து மாதத்துக்கு ஒருக்கால் போன் எடுத்தாலே பெரிது என்றிருந்த பிள்ளை, வளைந்த காலின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் எடுக்கிறானாம். லில்லி தின்றாளா, லைட் அணைச்சாச்சா, சரி அம்மா வைக்கிறன். அவ்வளவுதான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "இவ செத்துப்போனா அவனுக்கு என்னோட கதைக்க என்ன இருக்கு, தம்பி?"



கீரை

பச்சோந்திக்குச் சிள்வண்டு கொடுக்கிறோம். சிள்வண்டு எதைத் தின்றதோ அதுதான் கடைசியில் பச்சோந்தியின் வயிற்றுக்குப் போகிறது. அதனால் பூச்சிக்கு முதலில் நல்ல சாப்பாடு போடச் சொல்லுவோம். அக்காவிடம் என்ன போடுகிறீர்கள் என்றேன். பெருமையாகச் சொன்னார்: ஸ்பினாட் கீரை, காலையும் மாலையும், கழுவி, பொடியாக அரிந்து. வயிற்றில் பிள்ளையோடிருக்கிற பெண்ணுக்கு என்ன கொடுப்போமோ அதையேதான் லில்லிக்குப் போய்ச் சேரும்படி கொடுத்திருக்கிறார்.

ஸ்பினாட்டில் ஒரு புளிப்புச்சத்து இருக்கிறது, அது கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, தெருவோரம் மஞ்சள் பூப் பூக்கிற லோவன்சான் இலை எவ்வளவோ மேல் என்று விளக்கினேன். விளக்க விளக்க அக்காவின் முகம் இறுகியது. ஒரு தாயிடம் கீரை கூடாது என்று சொல்ல நான் யார் என்று எனக்கும் உள்ளுக்குள் கேள்விதான். அடுத்த முறை வந்தபோது, லிம்மாத் ஆற்றங்கரையில் நாய் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்துப் பிடுங்கிய இலைகளைப் பையிலிருந்து எடுத்து, சரிதானா என்று காட்டினார். சரி என்றேன். அப்போதும் கோபம் முழுக்கப் போகவில்லை: "கீரையைக் குறை சொன்ன முதல் தமிழன் நீங்கள்தான்."

வெள்ளிக்கிழமை

லில்லியின் நாக்கு கொஞ்சம் எட்டத் தொடங்கியது. கல்சியம் குறைந்தால் நாக்குக்கும் பலம் இருக்காது. பூச்சியைக் குறிபார்க்கும், நாக்கு பாதியில் விழுந்துவிடும். இப்போது கிட்ட நிற்கிற பூச்சியைப் பிடிக்கிறாள் என்று அக்கா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு சொல்லுறன், டொக்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வெள்ளிக்கிழமையில நான் பூச்சி போடுறேல்லை. விளக்கு வைக்கிற வீடு. சாமிப் படத்துக்கு முன்னால அதைக் கொல்லவிட எனக்கு மனம் வராது. அண்டைக்கு இலை மட்டும்தான், அதையும் இவ தின்னுவா." மகன் இருந்தபோது ஒவ்வொரு நாளும் வயிறுமுட்டப் பூச்சி போடுவானாம். தான் பொறுப்பெடுத்தபிறகுதான் இந்த விரதமாம். "இதாலதான் இவளுக்கு இந்த வருத்தம் வந்ததோ?"

நான் வேதக்காரன், கிறிஸ்தவன்; எங்களுக்குத் தவக்காலத்து வெள்ளிதான் கணக்கு. எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் லில்லிக்குத் துரோகம், சொன்னால் அக்காவுக்குத் துரோகம் என்று மறுகி, கடைசியில் அக்காவிடமே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, எங்கள் பகுதியின் தலைவி மொனிக்காவிடம் சொன்னேன். அவளுக்கு ஊர்வன தெரிந்த அளவு எனக்கு இந்தப் பிறப்பில் வராது. மொனிக்கா கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். வளர்ந்த பெண் பச்சோந்திக்கு ஒவ்வொரு நாளும் தின்னக் கொடுத்தால் ஆண் சேராமலே அளவுக்கு மீறி முட்டை பிடிக்கும், முட்டை பிடித்தால் எலும்பு கரையும். பூச்சியை விட்டு விட்டுக் கொடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வற்றிவிட்டதாம், ஒருவரும் கேட்கிறதில்லையாம். முட்டையிடும்வரை டொக்டர் சொன்னபடி கொடுக்கட்டும், பிறகு விரதத்தை விடவே கூடாது என்றாள். நான் பெரிய நிம்மதியோடு திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்: "அந்தப் பெண்ணின் கடவுளுக்கு வாரத்தில் இன்னொரு நாளும் இருக்கிறதா?"

சேலைத் திரை

முட்டையிட ஈரமண் வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல நிற்கிற பதத்தில் ஒரு வாளி மண்ணை நானே நிரப்பி அனுப்பினேன். லில்லி கொப்பிலிருந்து இறங்கினாள், மண்ணைக் கொஞ்சம் கிண்டினாள், விட்டுவிட்டு ஏறினாள். மறுபடி இறங்கினாள், மறுபடி ஏறினாள். அக்கா கடைக்குப் போன் எடுத்தபோது குரல் உடைந்திருந்தது. இந்த வாரம் முடிவதற்குள் இடாவிட்டால் வெட்டுவோம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"அவ கிண்டேக்க நீங்கள் எங்க நிக்கிறீங்கள் அக்கா?"

"பக்கத்திலதான். கதிரை போட்டு இருக்கிறன். போனையும் கூட்டுக்கு முன்னால நிப்பாட்டி வைச்சிருக்கிறன், அவன் அங்கயிருந்து பார்க்கிறான்."

விசயம் விளங்கிவிட்டது. தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் பச்சோந்தி முட்டையிடாது. குழியை விட்டுவிட்டு, முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு செத்தும் போகும். தாயும் பிள்ளையும் அன்பாக இரண்டு பக்கமும் காவல் இருந்திருக்கிறார்கள். பார்க்காமல் இருங்கள் என்று சொன்னேன். "இந்த நேரத்தில தனிய விடுறதோ, தம்பி?" என்றார். ஓம், விடத்தான் வேணும் என்றேன். அதைச் சொல்ல எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது.

அடுத்தநாள் தானே அழைத்தார். பழைய வொயில் சேலையொன்றை எடுத்துக் கூட்டைச் சுற்றிக் கட்டி, அறைக் கதவையும் சாத்திவிட்டாராம். நிருஜனுக்குக் கோபமாம், வீடியோ கேட்டுச் சண்டை பிடித்தானாம். "நான் சொல்லிப்போட்டன், அம்மாவே பார்க்கேல்லை, உனக்கு என்னடா அவசரம் எண்டு."

மறதி

அக்கா கடைக்கு வந்தபோது பெட்டி இல்லை, கையில் வடைப் பொதி. லில்லி போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். லில்லி சேலைக்குப் பின்னால் முட்டைகளை இட்டு, மேலே மண்ணைத் தள்ளி, ஒன்றுமே நடக்காதது போல வாளியை மட்டமாக மூடிவிட்டு, கண்ணெல்லாம் மண்ணோடு கொப்பில் போய் இருந்தாளாம். டொக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டார். வளைந்த கால் இனி நிமிராது. ஆனால் எலும்பு இறுகத் தொடங்கிவிட்டது, பிழைப்பாள். மொனிக்கா வடையை வாங்கிக்கொண்டு அக்காவைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டொக்டருக்கா, மொனிக்காவுக்கா, பாத்திரக் குவியலிலிருந்து என்னை இங்கே தள்ளிவிட்ட கந்தோர் அலுவலருக்கா? மனதுக்குள் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

"இனி மகன் போன் எடுக்கிறானோ?" என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கப் பயந்தேன். அக்காவே சொன்னார். சேலை கட்டின நாளிலிருந்து காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால், இரண்டுபேரும் வேறு ஏதாவது கதைக்கவேண்டியிருந்ததாம். பருப்புக்கு எப்போது உப்புப் போடுவது என்று கேட்டானாம். அறைக்குள் கூடவிருக்கிற பிரெஞ்சுக்காரப் பெடியன் குறட்டை விடுகிறானாம். சலவைப் பகுதியில் அம்மாவுக்கு இன்னும் அந்தப் பெரிய மெஷினோ என்று விசாரித்தானாம். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார், அதைச் சொல்லாமல் போக முடியவில்லை போலும்: "நேற்று எடுத்துக் கனநேரம் கதைச்சவன் தம்பி, லில்லி எப்பிடியெண்டு கேட்க மறந்தேபோனான்."

பச்சோந்திக்கு வேண்டியதெல்லாம் எங்கள் கடையில் கிடைக்கும், பார்க்காமல் இருக்கிற பொறுமையைத் தவிர. அதைக் கேட்டு வருகிறவர்களைப் பாடனுக்கு, அக்காவிடம்தான் அனுப்பவேண்டும்.